வட்டையும் வட்டியும்

ஒரே கிழமையில் இரண்டு கடதாசிகள் எம்முடைய மேசைக்கு வந்து சேர்ந்தன.

முதலாவதைக் கொண்டுவந்தவர் எழுவான்கரையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பொறியியலாளர். இலண்டனில் தொழில் பார்க்கும் அவருடைய மகன், தன் சேமிப்பை இஸ்லாமியக் கோட்பாட்டின்படி நடத்தப்படும் ஒரு பங்குச்சந்தை நிதியத்தில் இட்டிருக்கிறான்; அதன் விபரத்தாளைத் தந்தைக்கும் அனுப்பியிருக்கிறான். "நாங்கள் சைவர்கள். இது எங்களுக்கு ஆகுமா? ஊரார் அறிந்தால் என்ன சொல்வார்கள்?" என்பதே அவர் கேட்ட கேள்வி.

இரண்டாவதைக் கொண்டுவந்தவர் படுவான்கரையைச் சேர்ந்த ஒரு தாய். கணவனை இழந்தவர், இரண்டு ஏக்கரில் வேளாண்மை செய்பவர். அவர் நீட்டியது கிழமைக் கடன் அட்டை. "நூற்றுக்கு இருபத்துநாலு வட்டி என்று சொன்னார்கள் ஐயா. கட்டிக்கொண்டே இருக்கிறேன், கடன் முடிகிறதாகத் தெரியவில்லை" என்றார். இந்த அட்டை தமக்கு ஆகுமா என்று அவர் எவரையும் கேட்டதில்லை. ஊராரும் ஒன்றும் சொன்னதில்லை. ஏனெனில் ஊரார் வீடுகளிலும் அதே அட்டைதான் இருக்கிறது.

முதலாவது கடதாசியைக் கண்டு நாம் அஞ்சுகிறோம். இரண்டாவது கடதாசிக்கோ பழகிப் போனோம். அஞ்சவேண்டியதற்குப் பழகியும், ஆராயவேண்டியதற்கு அஞ்சியும் வாழும் ஒரு சமூகம் தன் சேமிப்பையும் காக்காது; தன் நிலத்தையும் காக்காது. இதுவே நாம் இன்று மக்கள் மன்றத்தில் வைக்கும் வழக்கு.

முதலில் சொல்லைத் தெளிவாக்குவோம். ஈ.ரி.எப். என்ற மூன்றெழுத்தைக் கேட்டதும் நம் நாட்டு உத்தியோகத்தருக்கு நினைவு வருவது, 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம். நாம் பேசுவது அதுவன்று. உலகச் சந்தையில் இதே மூன்றெழுத்தால் வழங்குவது வேறொன்று. நூற்றுக்கணக்கான கம்பனிகளின் பங்குகளை ஒன்றாகக் கட்டி, அக்கட்டைச் சிறு சிறு அலகுகளாகப் பிரித்து, அவ்வலகுகளைப் பங்குச்சந்தையில் நாள்தோறும் விற்கவும் வாங்கவும் விடுகின்ற நிதியம் அது. எந்தக் கம்பனியின் பங்கை வாங்குவது என்பதைப் பெரும்பாலும் முகாமையாளரின் மனப்போக்கு தீர்மானிப்பதில்லை. முன்கூட்டியே விதிவகுத்து வெளியிடப்பட்ட ஒரு சுட்டெண் பட்டியல் தீர்மானிக்கிறது. ஆகவே செலவு குறைவு. உள்ளே இருப்பது என்னவென்பதும் பகிரங்கம்.

இஸ்லாமியக் கோட்பாட்டைப் பின்பற்றும் நிதியம் இப்பட்டியலை ஒரு சுளகில் இட்டுப் புடைக்கிறது. மது, சூது, பன்றி இறைச்சி ஆகியவற்றில் பிழைக்கும் கம்பனிகள் பதராகப் பறக்கின்றன. வட்டியே தொழிலாகக் கொண்ட வங்கிகளும் காப்புறுதிக் கம்பனிகளும் பறக்கின்றன. எஞ்சியவற்றிலும் கடன் மிகுந்தவை நில்லா. ஒரு கம்பனியின் கடன் அதன் சொத்தில், அல்லது அதன் சந்தைப் பெறுமதியில், ஏறக்குறைய மூன்றிலொரு பங்கைத் தாண்டினால் அது விலக்கப்படும். அதன் பின்னும் ஒரு கம்பனிக்கு எங்கேனும் சிறிதளவு வட்டி வருமானம் கிடைத்திருப்பின், அதற்கு ஈடான தொகையைக் கணக்கிட்டுத் தருமத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதும் விதி.

இது நேற்றுப் பிறந்த புதுமையன்று. டோ ஜோன்ஸ் நிறுவனம் தன் இஸ்லாமியச் சந்தைச் சுட்டெண்ணை வெளியிட்டது 1999இல். இலண்டன் சந்தைக்கு இவ்வகை நிதியங்கள் வந்தது 2007இல். மலேசியாவில் 2008இலும் இந்தியாவில் 2009இலும் தொடங்கின. நியூயோர்க்கில் 2019ஆம் ஆண்டில் மட்டும் இரண்டு தோன்றின. கிறித்தவ முடியரசான பிரித்தானியாவே 2014இல் 20 கோடிப் பவுணுக்கு, வட்டியில்லாத இஸ்லாமிய முறிகளான சுக்கூக்குகளை வெளியிட்டது. அதனால் பிரித்தானிய முடி மதம் மாறிவிட்டதா? இலங்கையில் 2005ஆம் ஆண்டின் திருத்தம் வங்கித்தொழிற் சட்டத்தில் இம்முறைக்கு இடம் வகுத்தது. 2011இல் முழுவதும் இம்முறையிலேயே இயங்கும் முதலாவது வணிக வங்கியாக அமானா வங்கி கதவு திறந்தது. அக்கதவில், இன்ன மதத்தார் மட்டும் வருக என்று எழுதியிருக்கவில்லை.

அப்படியிருக்க, எம் பொறியியலாளரின் நாவைத் தடுத்தது எது? மறைப்பானேன்? மட்டக்களப்பு மண்ணின் காயம் தடுத்தது. 2019 ஏப்ரல் 21ஆம் நாள் சீயோன் தேவாலயத்தில் நம் குழந்தைகள் மாண்டனர். அந்தக் குருதியை நாம் மறக்கவில்லை. எவரையும் மறக்கச் சொல்லவுமில்லை. 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் சிந்திய குருதியையும், அதே ஆண்டில் சத்துருக்கொண்டானில் நம்மவர் சிந்திய குருதியையும் இவ்வாவிக்கரை மறக்கவில்லை. ஆயினும் கேட்கிறோம்: கொலைஞன் செய்த குற்றத்துக்காக ஒரு கணக்குமுறையைக் கூண்டில் ஏற்றுவது எந்த ஊர்ச் சட்டம்? அயலான் உண்கிறான் என்பதற்காக நாம் சோற்றை வெறுப்பதுண்டா? கடனைக் குறை, வட்டியை விலக்கு, நட்டத்தில் பங்கேற்காதவன் இலாபத்தில் பங்கு கேளாதே என்னும் நெறி, அரபு மொழியில் சொல்லப்பட்டால் அந்நியமாகவும் தமிழில் சொல்லப்பட்டால் அறமாகவும் ஆகிவிடுமா?

உண்மையில் இந்நெறி நம் வீட்டுக்குப் புதிதன்று. சட்டம் படித்தவர் என்ற முறையில் மூன்று சான்றுகளை வைக்கிறோம்.

முதலாவது, இந்நாட்டின் சட்டப்புத்தகம். அறவிடக்கூடிய வட்டி எக்காலத்தும் முதலைத் தாண்டலாகாது என்பது 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியற் சட்டக் கட்டளையின் விதி. உரோம டச்சுச் சட்டத்தின் வழிவந்த கொள்கை அது.

இரண்டாவது, பழைய இந்து தருமசாத்திரம். தாம்துப்பட் என்னும் பெயரால் இந்தியாவில் பம்பாய் நீதிமன்றங்கள் ஏற்று நடத்திய கோட்பாடும் இதையே சொன்னது: வட்டி முதலுக்கு மேல் வளரலாகாது. உரோமரும் இந்துவும் வட்டிக்கு வேலி கட்டினர். இஸ்லாமியர் அதை வேரோடு களைந்தனர். அளவில் வேற்றுமை உண்டு, அச்சம் ஒன்றே.

மூன்றாவது, நம் வட்டை. மட்டக்களப்பு வயலில் போடியாரின் நிலத்தை முல்லைக்காரர் செய்தபோது, விளைந்தது களத்தில் அளக்கப்பட்டுப் பங்காகப் பிரிந்தது. விளையாத ஆண்டில் போடியாரின் பங்கும் சுருங்கிற்று. அம்முறையை நாம் புகழ்ந்து பாட வரவில்லை. அதில் அடிமைத்தனம் இருந்தது. முற்பணமாகக் கொடுத்த நெல்லுக்கு அறுவடையில் மேல்நெல் பிடித்த போடியார்களும் இருந்தனர். ஆயினும் வானம் பொய்த்தால் இரு தரப்பும் சேர்ந்தே வாடும் என்னும் ஒரு நியாயம் அதன் நடுவே நின்றது. இன்று வாசலில் வந்து நிற்கும் கடனுக்கு வானமும் தெரியாது, வயலும் தெரியாது. 2011 தை மாதப் பெருவெள்ளம் கதிரோடு வயலை மூடியபோதும் தவணை நின்றதில்லை. 2021இல் இரசாயனப் பசளையைத் தடைசெய்து அரசாங்கமே விளைச்சலைக் கெடுத்தபோதும் தவணை தவணையாகவே இருந்தது. வட்டையில் பிறந்தவன் வட்டிக்கு உழைக்கிறான்.

அந்தத் தாயின் அட்டைக்கு வருவோம். ஓர் இலட்சம் ரூபா கடன். நூற்றுக்கு 24 வட்டி. ஐம்பத்திரண்டு கிழமைத் தவணை. மொத்தம் 124,000 ரூபா. கேட்பதற்கு எளிது. ஆனால் அவர் ஒவ்வொரு கிழமையும் முதலையும் திருப்பிக் கட்டுகிறார். ஆகவே ஆண்டு முழுவதையும் சராசரி பார்த்தால் அவர் கையில் நின்றது ஏறக்குறைய அரை இலட்சமே. அரை இலட்சத்துக்கு ஆண்டுக்கு 24,000 வட்டி என்றால் உண்மை வட்டி எவ்வளவு? நாற்பதைத் தாண்டுகிறது! 2018இல் நுண்கடனுக்கு ஆண்டு விளைவுறு வட்டி நூற்றுக்கு 35 என்று உச்சவரம்பு விதித்தார்களே, 24 என்று அட்டையில் எழுதியே அந்த வரம்பைத் தாண்டிவிடலாம் என்பதை இத்தாய்க்கு யார் சொன்னார்கள்?

1852ஆம் ஆண்டு விதி அவரைக் காக்காதா என்று கேட்பீர்கள். ஒரே கடன் நீண்டு நின்றால் காக்கலாம். ஆனால் பழைய கடனை அடைக்கப் புதிய கடன் எழுதிக் கொடுக்கிறார்கள். பழைய வட்டி புதிய முதலாகப் பிறவி எடுக்கிறது. விதி வாய்மூடி நிற்கிறது. அதே 2018இல் வறட்சி மாவட்டங்களில் ஓர் இலட்சத்துக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் முன்வந்தது. 2021இல் ஹிங்குரக்கொடைப் பெண்கள் தெருவோரத்தில் சத்தியாக்கிரகம் இருந்தனர். கடன் தாளாது உயிர்விட்ட பெண்களின் செய்தியை இந்த மாவட்டத்திலிருந்தே நாம் வாசித்தோம். வாசித்தபின் அடுத்த பக்கம் புரட்டினோம்.

"வட்டி என்றால் நிச்சயம், பங்கு என்றால் சூதாட்டம்" என்று நம் உத்தியோகத்தர் சொல்வார்கள். எது நிச்சயம்? 2022 ஏப்ரலில் அன்றைய அரசாங்கமே வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று கை விரித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் நூற்றுக்கு எழுபதைத் தொட்டது. நிலையான வைப்பில் வட்டி வாங்கியோர் உருவாவை எண்ணினர். அந்த உருவாவால் வாங்கக்கூடிய அரிசியை எண்ணவில்லை. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது, ஊழியர் சேமலாப நிதியத்தின் தலையிலும் சுமை ஏறிற்று. நட்டத்தில் பங்கில்லை என்று எண்ணியிருந்தோர் அனைவரும், தம்மைக் கேளாமலே நட்டத்தில் பங்காளிகள் ஆயினர். இஸ்லாமிய முறையோ இதை ஒளிக்காமல் முதல்நாளே சொல்லிவிடுகிறது: இலாபம் வரலாம், நட்டமும் வரலாம், இரண்டும் உன்னுடையவை.

இதுவரை பெயருக்கு அஞ்சுவோரோடு வாதாடினோம். இனி அந்தப் பெயரை விற்போரோடும் கொஞ்சம் பேசவேண்டும். தராசுக்கு இரு தட்டுண்டு.

இஸ்லாமிய நிதியம் என்ற பெயர் சரிவுக்குக் கவசமன்று. 2022இல் அமெரிக்கப் பங்குகள் வீழ்ந்தபோது இந்நிதியங்களும் வீழ்ந்தன. வங்கிகளை விலக்கிய இடத்தைத் தொழில்நுட்பக் கம்பனிகளே பெரிதும் நிரப்புகின்றன. ஆகவே சில கம்பனிகள் தும்மினால் நிதியத்துக்கே காய்ச்சல் வரும். மேலும், இங்கு வாழும் ஒருவர் நினைத்த மாத்திரத்தில் நியூயோர்க்கில் அலகு வாங்கிவிட முடியாது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டமும் அதன்கீழ் வரும் ஒழுங்குவிதிகளும் குறுக்கே நிற்கின்றன. "பணத்தை என்னிடம் தாருங்கள், ஹலால் நிதியத்தில் போட்டு மாதந்தோறும் நிச்சய இலாபம் தருகிறேன்" என்று எவரேனும் உங்கள் படியேறினால், அவர் தமிழரோ முஸ்லிமோ சிங்களவரோ, கதவைச் சாத்துங்கள். நிச்சய இலாபம் என்று சொன்ன கணமே அவர் இஸ்லாமியக் கோட்பாட்டைப் பொய்யாக்கிவிட்டார். பிரமிட்டுத் திட்டம் இந்நாட்டு வங்கித்தொழிற் சட்டத்தின்படி குற்றம் என்பதையும் அவருக்கு நினைவூட்டுங்கள்.

இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. "உழவு இயந்திரத்தைத் தாமே வாங்கி, விலையை உயர்த்தித் தவணைக்கு விற்கிறார்கள், இது வேடம் போட்ட வட்டிதானே?" என்று கேட்போர் பலர். கேள்வி நியாயமானது. சில இடங்களில் அந்த மேல்விலையும் சந்தை வட்டியும் இரட்டைப் பிள்ளைகள் போலவே இருக்கக் காண்கிறோம். ஆயினும் சட்டக்கண்ணுக்கு ஒரு வேற்றுமை தெரிகிறது. அங்கே விலை ஒருமுறை பேசப்பட்டால் பேசப்பட்டதுதான். தாமதித்தால் அது குட்டி போடாது. தாமதக் கட்டணம் வாங்கினாலும் அதைத் தன் இலாபமாக எடுத்துக்கொள்ளலாகாது என்பது விதி. அந்த ஒரு விதி படுவான்கரைத் தாயின் அட்டையில் இருந்திருந்தால் அவர் எம் மேசைக்கு வந்திருக்கமாட்டார்.

எல்லாவற்றிலும் பெரிய குறை வேறு. அந்தச் சுளகு கம்பனியின் கடனை அளக்கிறது; கமக்காரனின் கடனை அளப்பதில்லை. எம் பொறியியலாளரின் மகன் இடும் ஒவ்வொரு பவுணும் அப்பிளுக்கும் மைக்ரோசொப்டுக்கும் போன்ற கம்பனிகளுக்குப் பங்காளியாகிறது. அது அவன் உரிமை. அவன் செய்வதில் பிழையில்லை. ஆனால் அவன் தந்தை பிறந்த வாவிக்கரையில், உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் வயலுக்கு ஒரு போகச் செலவு வேண்டுமென்றால், பங்காளியாக வர எவருமில்லை, வட்டிக்காரனே வருகிறான். நம் படித்தோரின் சேமிப்பு கடல் கடந்து பங்காளியாகிறது. நம் உழவரின் தேவை வாசலில் கடனாளியாகிறது. இரண்டும் ஒரே குடும்பத்தின் கதை. இரண்டுக்கும் இடையே ஒரு பாலம் கட்ட நமக்கு ஏன் தோன்றவில்லை?

கல்லடிக்குப் பாலம் கேட்டோம்; மண்முனைக்குப் பாலம் கேட்டோம்; 2014இல் அதுவும் கிடைத்தது. இந்தப் பாலத்தை எந்த அரசாங்கமும் கட்டித்தராது. நாமே கட்டவேண்டும். ஆகவே சொல்கிறோம்: அந்நிதியங்களின் முறையை எடுத்து வாவிக்கரைக்கு ஒரு பங்கு நிதியம் அமையுங்கள். 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கச் சட்டம் இருக்கிறது. ஊர்தோறும் பலநோக்குச் சங்கமும் சிக்கன கடனுதவு சங்கமும் பெயரளவிலேனும் இருக்கின்றன. புதிய கட்டடம் வேண்டாம்; புதிய கணக்குப் புத்தகம் போதும்.

அப்புத்தகத்துக்கு நான்கு விதிகள்.

ஒன்று: போகத்துக்கு வேண்டிய விதைநெல், பசளை, உழவுக்கூலி ஆகியவற்றை நிதியம் இடும், நிலமும் உழைப்பும் கமக்காரருடையவை. விளைந்தால், முன்பே பேசிய விகிதத்தில் இலாபத்தில் பங்கு. வெள்ளம் கொண்டுபோனால் நிதியத்தின் பணமும் போகும், கமக்காரரின் உழைப்பும் போகும். ஆனால் அவருடைய உறுதியும் தோடும் போகா.

இரண்டு: ஒரே வட்டையில் பணத்தைக் கொட்டலாகாது. நூறு கம்பனிகளில் பரப்பு என்பதே அந்நிதியங்கள் கற்பிக்கும் முதற்பாடம். உன்னிச்சையிலும் நவகிரியிலும் உறுகாமத்திலும் வேளாண்மை, வாவியில் மீன், மேய்ச்சல் தரையில் பால், மருதமுனையில் தறி என்று பரப்புங்கள். மாரி வெள்ளம் வயல்களை ஒருங்கே மூடினாலும் தறியையும் பாற்பசுவையும் ஒருங்கே கொண்டுபோகாது.

மூன்று: உள்ளே இருப்பது பகிரங்கம். எந்த ஊருக்கு எவ்வளவு போயிற்று, எவ்வளவு திரும்பிற்று என்பதைப் போகந்தோறும் சங்கச் சுவரில் ஒட்டுங்கள். சங்கங்களை நம் நாட்டில் கொன்றது ஏழ்மையன்று; மூடிவைத்த கணக்குப் புத்தகமே.

நான்கு: நிதியம் கடன்பட்டுத் தன்னை ஊதிப் பெருப்பிக்கலாகாது; சேர்ப்போரும் தம் சேமிப்பு முழுவதையும் இதில் இடலாகாது. இழந்தாலும் அடுப்பெரியும் என்ற அளவுக்கே இடுங்கள். இது தருமமன்று, பங்காண்மை. பங்காளி கணக்குக் கேட்பான், கேட்கவேண்டும்.

இவற்றுக்குச் சட்டத்திலோ சங்க உபவிதியிலோ தடை உண்டென்று எந்த அதிகாரியேனும் சொல்வாராயின், தடையை எழுத்தில் தரட்டும். திருத்தக் கோரும் மனுவை நாம் எழுதித் தருகிறோம், கூலியின்றி. அதோடு ஒவ்வொரு கடன் அட்டையிலும் உண்மையான ஆண்டு வட்டி தமிழில், பெரிய எழுத்தில் அச்சிடப்படவேண்டும் என்றும், பழைய வட்டியைப் புதிய முதலாக்கும் கடன் எழுத்து செல்லுபடியாகாது என்றும் சட்டம் வேண்டுமென நம் பாராளுமன்றப் பிரதிநிதிகள் கேட்கட்டும். மேடையில் முழங்க நேரம் கிடைப்பவர்களுக்கு ஒரு பிரேரணை எழுதவும் நேரம் கிடைக்கும்.

இந்தக் கணக்குப் புத்தகத்தைத் தமிழர் தனித்து எழுதவேண்டாம். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் இலாப நட்டப் பங்கின் கணக்கைச் சமய ஒழுக்கமாகவே கற்ற வணிகர் இருக்கிறார்கள். படுவான்கரையில் மண்ணின் கணக்கைத் தலைமுறையாகக் கற்ற உழவர் இருக்கிறார்கள். ஒருவரிடம் முறை உண்டு. மற்றவரிடம் வயல் உண்டு. இரு சாராரும் ஒரே மொழியில் பேரம் பேசுகிறோம். ஒரே சந்தையில் நெல் விற்கிறோம். ஒரே வட்டிக்காரனுக்குத் தவணை கட்டுகிறோம். தமிழ் பேசும் மக்கள் என்று மேடையில் ஒரு சொல்லை ஆண்டுகள் பலவாகச் சொல்லி வந்தோம். அந்தச் சொல்லுக்கு இனியேனும் ஒரு பொதுக் கணக்கு இருக்கட்டும்.

எம் பொறியியலாளருக்கு நாம் சொன்ன விடை இது: "ஐயா, உங்கள் மகன் செய்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விபரத்தாளைப் படியுங்கள்; செலவு எவ்வளவு, உள்ளே எந்தக் கம்பனிகள் என்று பாருங்கள். பிறகு அவனிடம் கேளுங்கள்: கடல் கடந்து நூறு பவுண் பங்காளியாகும்போது, ஒரு பவுண் படுவான்கரைக்கும் பங்காளியாக வருமா என்று."

அந்தத் தாயின் அட்டை இன்னும் எம் மேசையில் இருக்கிறது. அதற்கு விடை எம்மிடம் மட்டும் இல்லை, உங்களிடமும் இருக்கிறது. அடுத்த பெரும்போகத்துக்கு விதைநெல் வாங்கும் நாளுக்கு முன் அந்த விடையைச் சொல்லுங்கள்.